லாக் மரபணுக்களை அடக்குவது எந்தப் புரதம்? மூன்று கட்டுப்பாடுகளையும் பிரித்து அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த ஊடகத்தில் ஈ. கோலையை வளர்த்து, பீட்டா-கேலக்டோசிடேஸ் (லாக்-இசட் மரபணு உண்டாக்கும், லாக்டோஸை உடைக்கும் நொதி) அளவு குறைவாக இருப்பதைக் கண்டு, "சைக்ளிக் ஏஎம்பி குறைந்ததால் சிஆர்பி வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவதுதான் புதிதாக வருபவர்களிடம் அதிகம் காணப்படும் பிழை. அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியே விலக்கிப் பார்க்காமல் எதன் மீதும் பொறுப்பைப் போட முடியாது. விலக்கும் வரிசையும் முக்கியம். வரிசை மாறினால் பிந்தைய அளவீட்டுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

1. கையில் எடுப்பதற்கு முன் தெளிவாக இருக்க வேண்டியவை

முதல் கட்டுப்பாடு லாக்-ஐ அடக்கிப் புரதம். நான்கு ஒரே மாதிரி அலகுகள் சேர்ந்த இந்தப் புரதம் புரோமோட்டரை (ஆர்என்ஏ பாலிமரேஸ் அமரும் இடம்) ஒட்டியுள்ள முதன்மை ஆபரேட்டரில் (அடக்கி அமரும் டிஎன்ஏ இடம்) அமர்கிறது. அதே நேரம் இரண்டு துணை ஆபரேட்டர்களில் ஒன்றையும் பற்றி டிஎன்ஏவை வளையமாக மடக்குகிறது. அல்லோலாக்டோஸ் அல்லது ஐபிடிஜி (செயற்கைத் தூண்டி) அதனுடன் சேர்ந்தால் பிடி தளர்கிறது. லாக்டோஸ் நேரடியாக இதைச் செய்வதில்லை. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் சிறிதளவு பீட்டா-கேலக்டோசிடேஸ் அதை அல்லோலாக்டோஸாக மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு செய்தி மூலக்கூறுடன் சேர்ந்த சிஆர்பி புரதம். லாக் புரோமோட்டரில் படியெடுப்பு தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய 61 கார இணைகள் மேலே இது அமர்ந்து ஆர்என்ஏ பாலிமரேஸை இழுத்துப் பிடிக்கிறது. இது இல்லாவிட்டால், அடக்கி விலகிய பிறகும் புரோமோட்டர் மந்தமாகவே இயங்கும்.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குளுக்கோஸ் உள்ளே வரும்போது அதன் கடத்தல் அமைப்பைச் சேர்ந்த ஐஐஏ-குளுக்கோஸ் புரதம் தன் பாஸ்பேட்டை இழக்கிறது. பாஸ்பேட் இழந்த வடிவம் லாக்-ஒய் கடத்தியைப் பற்றிக்கொண்டு லாக்டோஸை உள்ளே விடாமல் தடுக்கிறது. இதைத் தூண்டி விலக்கம் என்போம். மரபணுவைத் தொடாமலே, தூண்டியை வாசலில் நிறுத்தி மரபணுவை மூடிவைக்கும் கட்டுப்பாடு இது.

அதே ஐஐஏ-குளுக்கோஸ், பாஸ்பேட் ஏற்றிய வடிவில், சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் அடினைலேட் சைக்ளேஸைத் தூண்டுகிறது. ஆகவே அந்த மரபணுவை முழுதாக நீக்கினால் இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே நேரத்தில் குலையும். தூண்டி விலக்கத்தை மட்டும் சோதிக்க அந்த நீக்கத்தை எடுக்காதீர்கள். 7-ஆம் பகுதியில் உள்ள ஒப்பீட்டு முறைதான் சுத்தமானது.

2. திரிபுகளைத் தேர்ந்தெடுத்தல்

அடிப்படைத் திரிபாக எம்ஜி1655 போதும். அதன் லாக் ஓபரான் (ஒன்றாகப் படியெடுக்கப்படும் லாக் மரபணுக்களின் தொகுதி) முழுமையானது. குளோனிங்குக்குப் பயன்படும் டிஎச்5-ஆல்ஃபாவில் லாக்-இசட் மரபணுவின் தொடக்கப் பகுதி வெட்டப்பட்டிருக்கும். எம்சி4100இல் லாக் பகுதியே கிடையாது. இவற்றில் நேரடியாக அளந்தால் சுழியம்தான் வரும்.

இதற்கு மேல் மூன்று நீக்கத் திரிபுகள் வேண்டும்: லாக்-ஐ நீக்கம், சயா-ஏ நீக்கம் (அடினைலேட் சைக்ளேஸ் இல்லாதது), சிஆர்பி நீக்கம். பெரும்பாலோர் கெயோ தொகுப்பிலிருந்து (ஈ. கோலையின் ஒற்றை மரபணு நீக்கங்களின் தொகுப்பு) எடுத்து அப்படியே அளக்கத் தொடங்குகிறார்கள். அது நடக்காது. அந்தத் தொகுப்பின் தாய்த் திரிபான பிடபிள்யூ25113இல் லாக்-இசட் ஏற்கெனவே நீக்கப்பட்டது. அராபினோஸ், ராம்னோஸ் ஓபரான்களும் நீக்கப்பட்டவையே. ஆகவே நீக்கத்தைப் பி1 ஃபாஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வழியாக எம்ஜி1655க்கு மாற்ற வேண்டும்.

சயா-ஏ, சிஆர்பி இரண்டுக்கும் இந்த மாற்றம் நன்றாக வேலை செய்யும். லாக்-ஐ மட்டும் ஒரு கண்ணி. அது லாக்-இசட்டுக்குப் பக்கத்து மரபணு. பி1 சுமார் 100 கிலோபேஸ் நீளத் துண்டைச் சுமந்து வருவதால், கெயோவின் லாக்-ஐ நீக்கத்துடன் தாய்த் திரிபின் லாக்-இசட் நீக்கமும் ஏறக்குறைய எப்போதும் சேர்ந்தே வந்துவிடும். கனாமைசின் தட்டில் காலனி வரும், பிசிஆர் சரியாக இருக்கும், நொதி மட்டும் இருக்காது. லாக்-ஐ நீக்கத்தை லாம்டா ரெட் முறையில் (ஃபாஜ் புரதங்களைக் கொண்டு குரோமோசோமை மாற்றும் முறை) எம்ஜி1655இலேயே நேரடியாகச் செய்யுங்கள். செய்தபின் தூண்டி எதுவும் இல்லாத எக்ஸ்-கேல் (இந்த நொதி உடைத்தால் நீலமாகும் பொருள்) தட்டில் காலனி நீலமாக வருகிறதா என்று பாருங்கள்.

சயா-ஏ நீக்கமும் சிஆர்பி நீக்கமும் மெதுவாக வளரும். மாற்றிய மறுநாளே தட்டைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடாமல் இரண்டு நாள் விடுங்கள். சின்னக் காலனிகளையே எடுங்கள். அவற்றின் நடுவே வேகமாகப் பெருத்து நிற்பவை பெரும்பாலும் ஈடுசெய் பிறழ்வு பெற்றவை. சயா-ஏ இல்லாத செல்களில், சைக்ளிக் ஏஎம்பி இல்லாமலே இயங்கும் சிஆர்பி வடிவங்கள் எளிதில் தோன்றிவிடும்.

ஒவ்வொரு முறை உறைநிலையிலிருந்து எடுக்கும்போதும் மெக்காங்கி-மால்டோஸ் தட்டில் (மால்டோஸைப் பயன்படுத்தும் காலனி இதில் சிவப்பாகும்) கீறிச் சோதியுங்கள். இரண்டு நீக்கங்களும் வெளிறிய காலனி தர வேண்டும். தட்டில் 5 மில்லிமோலார் சைக்ளிக் ஏஎம்பி இருந்தால் சயா-ஏ நீக்கம் சிவப்பாகும். சிஆர்பி நீக்கம் வெளிறியே இருக்கும். இந்த ஒரு தட்டு, பிந்தைய பல நாள் குழப்பத்தைத் தவிர்க்கும்.

கையில் இருந்தால் லாக்-யூவி5 புரோமோட்டருடன் இணைத்த லாக்-இசட் திரிபு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூவி5 பிறழ்வு புரோமோட்டரைச் சிஆர்பி தேவைப்படாததாக்குகிறது. அதன் பயன் 7-ஆம் பகுதியில் தெரியும்.

3. கரைசல்கள்

எம்9 ஊடகம், ஒரு லிட்டருக்கு: டைசோடியம் பாஸ்பேட் ஏழு-நீரேற்று 12.8 கிராம், மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம், சோடியம் குளோரைடு 0.5 கிராம், அம்மோனியம் குளோரைடு 1 கிராம். ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மிலி, 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.1 மிலி சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெண்மையாக வீழ்படியும். கால்சியத்தைக் கடைசியில், கலக்கிக்கொண்டே விடுங்கள்.

எம்ஜி1655இல் ஆர்பிஎச் மரபணுவில் உள்ள பிறழ்வு பிரிமிடின் உற்பத்தியைக் குறைத்து, இந்த ஊடகத்தில் வளர்ச்சியைச் சற்று மந்தமாக்கும். யுராசில் சேர்க்கலாம், விடலாம். எதைச் செய்தாலும் எல்லாக் குடுவைகளிலும் ஒன்றுபோல் செய்யுங்கள்.

எல்பி ஊடகம் வேண்டாம். அதில் கரிம மூலம் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும்தான். அவை ஒவ்வொன்றாகத் தீரத் தீர சைக்ளிக் ஏஎம்பி அளவு மாறிக்கொண்டே போகும். எந்த நிமிடத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும்.

இசட் பஃபர், ஒரு லிட்டருக்கு: டைசோடியம் பாஸ்பேட் ஏழு-நீரேற்று 16.1 கிராம், மோனோசோடியம் பாஸ்பேட் ஒரு-நீரேற்று 5.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஏழு-நீரேற்று 0.246 கிராம், பிஎச் 7.0. இதை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள். பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை அன்றன்று, தேவையான அளவு பஃபரில் மட்டும், 100 மிலிக்கு 0.35 மிலி என்ற கணக்கில் புகைக்கூண்டுக்குள் சேருங்கள். அது நொதியின் சிஸ்டீன்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கிறது. பழைய கலவையில் அந்தக் காப்பு இருக்காது.

ஓஎன்பிஜி (நொதி உடைத்தால் மஞ்சள் நிறம் தரும் பொருள்): 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் மிலிக்கு 4 மில்லிகிராம். நிறுத்தும் கரைசல்: 1 மோலார் சோடியம் கார்பனேட். ஐபிடிஜி: 1 மோலார் இருப்பு, அதாவது 10 மிலிக்கு 2.38 கிராம், வடிகட்டிக் கிருமி நீக்கியது. சைக்ளிக் ஏஎம்பி: 100 மில்லிமோலார். அமில வடிவத்தை வாங்கியிருந்தால் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7க்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். நடுநிலையாக்காமல் ஊற்றினால் ஊடகத்தின் பிஎச் இறங்கி வளர்ச்சி குறையும். அதைச் சைக்ளிக் ஏஎம்பியின் விளைவு என்று நம்பிவிடுவீர்கள்.

4. முன்வளர்ப்பு

எந்தக் கரிம மூலத்தில் அளக்கப் போகிறீர்களோ அதே மூலத்தில், தூண்டி இல்லாமல், முன்வளர்ப்பு நடக்க வேண்டும். பீட்டா-கேலக்டோசிடேஸ் வளரும் செல்லில் நிலையானது. உற்பத்தி நின்றாலும் இருக்கும் நொதி அழியாமல், செல் பிரியப் பிரியப் பாதி பாதியாகத்தான் நீர்க்கும். முந்தைய இரவு லாக்டோஸில் வளர்த்த செல்லைக் காலையில் குளுக்கோஸுக்கு மாற்றி இரண்டு மணி நேரத்தில் அளந்தால், நேற்றைய நொதியைத்தான் அளக்கிறீர்கள்.

தூண்டும் பக்கத்துக்கும் இதே கணக்கு. தூண்டியபின் ஒரு தலைமுறையில் இறுதி அளவில் 50 சதவீதம், மூன்றில் 87.5, ஐந்தில் 97 சதவீதம் எட்டும். ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் முன்வளர்ப்பை ஒளியடர்த்தி 0.005க்கு நீர்த்து, தூண்டியை அப்போதே சேர்த்து, 0.4 வரை விடுங்கள். அது ஆறு தலைமுறைக்குச் சற்று மேல். நிலைபெற்ற அளவு கிடைக்கும்.

சயா-ஏ, சிஆர்பி நீக்கங்களுக்கு முன்வளர்ப்பு குளுக்கோஸில்தான். அவை கிளிசராலில் வளராது, ஏனெனில் கிளிசரால் மரபணுக்களுக்கும் சிஆர்பி வேண்டும். "கிளிசராலில் போட்டேன், மூன்று நாளாகியும் கலங்கவில்லை" என்றால் திரிபில் கோளாறு எதுவும் இல்லை.

5. குடுவைகள்

கரிம மூலங்கள்: குளுக்கோஸ் 0.4%, கிளிசரால் 0.4%, லாக்டோஸ் 0.2%. ஐபிடிஜி எப்போதும் 1 மில்லிமோலார். 37 டிகிரியில், குடுவைக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், நன்றாக ஆட்டி வளர்க்க வேண்டும். இந்தக் குளுக்கோஸ் அளவில் ஒளியடர்த்தி 0.5 வரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். எனவே இடையில் குளுக்கோஸ் தீர்ந்துவிடும் ஆபத்து இல்லை. 0.02% போன்ற குறைந்த அளவில் அந்த ஆபத்து நிச்சயம்.

எம்ஜி1655க்கு ஆறு குடுவைகள்:

அ. கிளிசரால் மட்டும்
ஆ. கிளிசரால் + ஐபிடிஜி
இ. குளுக்கோஸ் + ஐபிடிஜி
ஈ. குளுக்கோஸ் + லாக்டோஸ்
உ. கிளிசரால் + லாக்டோஸ்
ஊ. குளுக்கோஸ் மட்டும்

சயா-ஏ, சிஆர்பி நீக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு: குளுக்கோஸ் + ஐபிடிஜி, அதனுடன் 5 மில்லிமோலார் சைக்ளிக் ஏஎம்பி. லாக்-ஐ நீக்கத்துக்கு மூன்று: கிளிசரால், குளுக்கோஸ், குளுக்கோஸ் + லாக்டோஸ்.

ஐபிடிஜியைக் குறைத்து "மிதமாகத் தூண்ட" முயல வேண்டாம். லாக்-ஒய் உள்ள திரிபில் குறைந்த செறிவு எல்லாச் செல்களையும் பாதியளவு தூண்டாது. சில செல்கள் முழுதாகத் தூண்டப்படும், மற்றவை தூண்டப்படாமலே கிடக்கும். முதலில் நுழையும் ஐபிடிஜி கடத்தியைப் பெருக்கி, அது இன்னும் ஐபிடிஜியை இழுப்பதுதான் காரணம். குழாயில் அளக்கும் சராசரி இந்தப் பிளவைக் காட்டாது. 1 மில்லிமோலாரில் ஐபிடிஜி கடத்தி இல்லாமலும் போதிய அளவு உள்ளே செல்லும். ஐஐஏ-குளுக்கோஸின் தடையைத் தாண்ட நமக்கு உதவுவது இந்தப் பண்புதான்.

6. நொதி அளவீடு

ஒளியடர்த்தி 0.3 முதல் 0.6க்குள் இருக்கும்போது குடுவையைப் பனிக்கட்டியில் 20 நிமிடம் வையுங்கள். வளர்ச்சி நிற்கும். பிறகு 600 நானோமீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அல்லது பாலிபுரோப்பிலீன் குழாயில் செல்லும் இசட் பஃபரும் சேர்ந்து 1 மிலி எடுக்க வேண்டும். நொதி மிகுந்த மாதிரிக்கு (ஆ, இ, உ, லாக்-ஐ நீக்கம்) 0.05 முதல் 0.1 மிலி செல் போதும். குறைந்தவற்றுக்கு 0.5 மிலி. குளோரோஃபார்ம் 40 மைக்ரோலிட்டர், 0.1% எஸ்டிஎஸ் 20 மைக்ரோலிட்டர் விட்டு 10 விநாடி வோர்டெக்ஸ் செய்யுங்கள். சவ்வு துளைபட்டு ஓஎன்பிஜி கட்டுப்பாடின்றி உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் லாக்-ஒய்யின் அளவும் விடையில் கலந்துவிடும். பாலிஸ்டைரீன் குழாய்கள் குளோரோஃபார்மில் கரைந்து மங்கும், எடுக்காதீர்கள்.

28 டிகிரி நீர்த்தொட்டியில் 5 நிமிடம் வைத்து வெப்பநிலை சமமான பிறகு ஓஎன்பிஜி 0.2 மிலி சேர்த்து நேரத்தைத் தொடங்குங்கள். குழாய்க்குக் குழாய் 15 விநாடி இடைவெளி விட்டால் நிறுத்தும்போதும் அதே இடைவெளி கிடைக்கும். தெளிவான மஞ்சள் வந்ததும் கார்பனேட் 0.5 மிலி விட்டு நேரத்தைக் குறியுங்கள். கார்பனேட் இரண்டு வேலை செய்கிறது: பிஎச்சை 11 பக்கம் ஏற்றி நொதியை நிறுத்துகிறது, ஆர்த்தோ-நைட்ரோஃபீனால் முழுவதையும் மஞ்சள் அயனியாக்குகிறது. பிஎச் 7இல் அதில் பாதியளவுகூட நிறம் காட்டாது.

மஞ்சள் அடர்ந்தால் நல்லது என்று காத்திருப்பது தவறு. 420 நானோமீட்டரில் 0.6 முதல் 0.9 வரை இருக்கும்படி நிறுத்துங்கள். அதற்கு மேல் கருவியின் நேர்க்கோட்டுத் தன்மை போய்விடும். ஓஎன்பிஜியும் குறையத் தொடங்கும். மங்கலான மாதிரிக்கு ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அவற்றுடன் செல் இல்லாத வெற்றுக் குழாயும் அதே நேரம் ஓட வேண்டும், ஏனெனில் ஓஎன்பிஜி தானாகவும் சிறிது சிதையும்.

குளோரோஃபார்ம் அடியில் படிந்த பிறகு மேல்பகுதியை மட்டும் எடுத்து 420, 550 இரண்டிலும் அளக்க வேண்டும். ஒரு துளி குளோரோஃபார்ம் க்யூவெட்டுக்குள் வந்தாலும் 550 எகிறும்.

7. கணக்கும், எண்களைப் படிக்கும் வரிசையும்

மில்லர் அலகு = 1000 × (420 அளவு − 1.75 × 550 அளவு) ÷ (நிமிடம் × செல் கனஅளவு மிலியில் × 600 அளவு)

எடுத்துக்காட்டாக: 420இல் 0.640, 550இல் 0.020, 12 நிமிடம், 0.1 மிலி, 600இல் 0.45. மேலே 605, கீழே 0.54, விடை 1120. மங்கலான மாதிரி: 0.090, 0.020, 120 நிமிடம், 0.5 மிலி, 0.50. விடை 1.8. கனஅளவு வகுக்கும் இடத்தில் 1.7 மிலி என்ற மொத்தக் கனஅளவைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அங்கே வருவது எடுத்த செல் வளர்ப்பின் அளவு மட்டுமே. மையவிலக்கிச் செல் சிதைவுகளை நீக்கியிருந்தால் 550 திருத்தம் வேண்டாம்.

இனி விகிதங்கள். தனி எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். விகிதங்கள் அவ்வளவாக மாறாது.

முதலில் ஆ ÷ அ. இது லாக்-ஐயின் பங்கு. ஆயிரம் மடங்கு அளவில் வர வேண்டும். ஐம்பதோ நூறோதான் வருகிறது என்றால் நிறுத்துங்கள். அடிநிலை ஏறியிருக்கிறது. செல்லில் லாக் ஆபரேட்டர் தாங்கிய பலபடிப் பிளாஸ்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். செல்லுக்கு லாக்-ஐ நான்கலகுகள் ஏறத்தாழ பத்துதான் உள்ளன. பிளாஸ்மிட்டில் உள்ள ஆபரேட்டர்களே அவற்றை இழுத்துக்கொண்டுவிடும். இந்தப் படி சரியாகாமல் அடுத்ததற்குப் போவதில் பயனில்லை.

அடுத்து இ ÷ ஆ. இரண்டிலும் ஐபிடிஜி அடக்கியை விலக்கிவிட்டது. கடத்தியின் தடையும் பொருட்டில்லை. மிஞ்சுவது சைக்ளிக் ஏஎம்பி-சிஆர்பி வழியான குளுக்கோஸ் விளைவு. ஆனால் குளுக்கோஸில் செல் வேகமாகவும் வளர்கிறது, அதுவே நொதியை நீர்க்கும். யூவி5 திரிபில் இதே விகிதத்தை எடுத்து வகுத்தால் அந்தப் பங்கு கழிந்துவிடும்.

மூன்றாவது ஈ ÷ இ. இரண்டிலும் குளுக்கோஸ் உண்டு. தூண்டி நுழையும் வழிதான் வேறு. இது தூண்டி விலக்கம். லாக்டோஸும் ஐபிடிஜியும் இயல்பாகவே தூண்டும் திறனில் வேறுபடுவதால் இதை உ ÷ ஆ விகிதத்தால் வகுக்க வேண்டும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம்: ஆ 1200, இ 500, ஈ 15, உ 1000. சிஆர்பி வழி விளைவு 2.4 மடங்கு. தூண்டி விலக்கம், 0.83 ÷ 0.03, ஏறத்தாழ 28 மடங்கு. உங்கள் எண்கள் வேறாக இருந்தாலும் சாய்வு இந்தப் பக்கம்தான் இருக்கும். குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்திருக்கும்போது லாக் மரபணுக்களை மூடிவைப்பதில் பெரும்பங்கு தூண்டி விலக்கத்துக்கே. குளுக்கோஸ் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் செய்வதில்லை. சயா-ஏ நீக்கத்தில் குளுக்கோஸ் + ஐபிடிஜி அளவு எம்ஜி1655இன் இ-யைவிட வெகுவாகத் தாழ்ந்திருப்பது இதற்கு நேர்ச் சான்று. அங்கே சைக்ளிக் ஏஎம்பி உண்மையிலேயே இல்லை.

வெளியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி சேர்த்தால் சயா-ஏ நீக்கத்தில் அளவு ஏற வேண்டும், சிஆர்பி நீக்கத்தில் அசையக் கூடாது. இரண்டும் ஏறினால் குழாய்கள் மாறியிருக்கின்றன அல்லது திரிபு தவறு. சேர்க்காமலே சயா-ஏ நீக்கம் உயர்ந்து நின்றால் ஈடுசெய் பிறழ்வு. 2-ஆம் பகுதியின் மெக்காங்கி தட்டுக்குத் திரும்புங்கள்.

லாக்-ஐ நீக்கத்தில் குளுக்கோஸும், குளுக்கோஸ் + லாக்டோஸும் ஒரே அளவு காட்ட வேண்டும். தூண்டி விலக்கம் அடக்கி வழியாகவே வேலை செய்கிறது. அடக்கி இல்லாதபோது தூண்டி உள்ளே வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. இந்தச் சமன் கிடைத்தால் உங்கள் 28 மடங்குக்கு உறுதி கிடைத்துவிட்டது.

8. லாக் அல்லாத மரபணுவுக்கு இதே முறை

உங்கள் மரபணுவின் புரோமோட்டரை லாக்-இசட்டுடன் இணைத்து, இயல்பான லாக் இல்லாத திரிபில், குரோமோசோமில் ஒற்றைப் படியாக வைத்து அளக்கலாம். பிளாஸ்மிட்டில் வைத்தால் படியெண்ணிக்கை கரிம மூலத்துக்கு ஏற்ப மாறி விகிதங்களைக் கெடுக்கும்.

கட்டுப்படுத்தும் புரதத்தை நீக்கியதும் வெளிப்பாடு ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது லாக்-ஐயில் இருந்து வந்த பழக்கம். அராபினோஸ் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் ஏராசி அப்படியல்ல. அராபினோஸ் இல்லாதபோது டிஎன்ஏவை வளைத்து அடக்குவதும், இருக்கும்போது தூண்டுவதும் அதே புரதம்தான். அதை நீக்கினால் அராபினோஸ் கொடுத்தாலும் மரபணு எழாது. மால்டோஸ் மரபணுக்களின் மால்-டி தூண்டும் புரதம் மட்டுமே, அடக்குவதில்லை. அதற்கு மால்டோடிரையோஸ் வேண்டும். க்ரா இன்னொரு வகை: கிளைகாலிசிஸ் மரபணுக்கள் பலவற்றை அடக்கி, குளுக்கோஸை மறுபடி உண்டாக்கும் வழியின் மரபணுக்களைத் தூண்டும். அதனால் க்ரா நீக்கம் அசிடேட்டிலோ பைருவேட்டிலோ வளராது. அந்த ஊடகத்தில் ஒப்பிடத் திட்டமிட்டால் முதலிலேயே மாற்றுங்கள்.

பேசில்லஸ் சப்டிலிஸில் வேலை செய்பவர்கள் சைக்ளிக் ஏஎம்பி பாட்டிலை எடுக்கவே வேண்டாம். அங்கே குளுக்கோஸின் செய்தியைச் சுமப்பது சிசிபிஏ புரதமும், 46-ஆவது செரினில் பாஸ்பேட் ஏறிய எச்பிஆரும். சயா-ஏ நீக்கத்துக்குப் பதிலாக அந்தச் செரினை அலனினாக மாற்றிய திரிபையும் சிசிபிஏ நீக்கத்தையும் வையுங்கள். அந்தச் செரின் மாற்றத்தால் மட்டும் அடக்கம் முழுதாக விலகாவிட்டால் வியக்க வேண்டாம். சிஆர்எச் என்ற இணைப்புரதமும் அதே வேலையை ஓரளவு செய்கிறது.

புரதம் நேரடியாக அந்தப் புரோமோட்டரில்தான் அமர்கிறதா என்பதை இந்த அளவீடு சொல்லாது. அதற்கு ஜெல் நகர்வுச் சோதனை வேண்டும். சிஆர்பிக்கு அதைச் செய்யும்போது சைக்ளிக் ஏஎம்பியைக் கலவையில் 100 முதல் 200 மைக்ரோமோலார் வைத்தால் மட்டும் போதாது; ஜெல்லிலும் ஓட்டப் பஃபரிலும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் வழியிலேயே சைக்ளிக் ஏஎம்பி பிரிந்து, பட்டை தெளிவில்லாமல் இழுபடும்.